வால் கனத்த விமானம்

யாரையாவது பார்த்து ‘நீங்கள் கத்துக்குட்டி’ என்று சொல்லிப் பாருங்கள், கோபம் வரும். என் மாமனார் அதை வாயால் சொல்லாமலே எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தோடு நான் ஈப்போ நகரில் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கவே கூடாது.

ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்கள் விற்கும் கடை அது. (பொம்மை விமானம் என்று சொன்னால் அன்றைய நான் சண்டைக்கு வருவான்.) கடைக்காரர் சீனர். ரிமோட்டை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்ததுமே என் தகுதி அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவையா என்று மலாயில் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளை விமானத்தை எடுத்து வைத்தார். இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் நிதானமாகப் பறக்குமாம். விசிறி பின்பக்கம் இருப்பதால் மூக்குக் குப்புற விழுந்தாலும் உடையாதாம். கை தடுமாறினால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், தானே நேராகிக்கொள்ளுமாம். எனக்கோ அது, கோழிச்சோறு கட்டித் தரும் பெட்டிக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

மேல்தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு போர் விமானம் இருந்தது. மூக்கில் சுறாப் பற்கள். நான் அதைக் காட்டினேன்.

“ஜாங்ஙான், பாஸ்!” வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார் மனிதர். நான் கேட்டால்தானே? கடைசியில் பெருமூச்சு விட்டு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். இறக்கைக்கு அடியில் இரு விரல் வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் மட்டும் கனக்கவே கூடாது, கனத்தால் கதை முடிந்தது. அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

சுறாப் பல் எதற்கு என்றால், எல்லாம் என் மாமனாருக்காக. ஈப்போவிலேயே சிலிபின் வட்டாரத்துக்காரர், காலமெல்லாம் லோரி ஓட்டியவர். இயந்திரத்தை அடக்கத் தெரியாதவனை அவர் ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நானோ கல்யாணமான புதிதில் அவருடைய டீசல் வேனில் பெட்ரோல் ஊற்றியவன். அன்றிலிருந்து அவர் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, “சாப்பிட்டீங்களா மாப்பிள?” டயர் மாற்றலாமா, கூரை ஏன் ஒழுகுகிறது, எந்த போன் வாங்கலாம் என்பதெல்லாம் மூத்த மாப்பிள்ளைக்குப் போகும். எனக்கு வயிறு எரியும். ஒரு விமானத்தையே ஓட்டிக் காட்டினால் அப்புறம் என்னிடமும் நாலு விஷயம் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய ரப்பர் தோட்டத்துப் பந்துத் திடலுக்குப் போனோம். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டாலும் திடல் தப்பித்திருந்தது. மனைவி கவிதா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு இறங்கினாள். மாமா ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கினார். உள்ளே சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம்.

“எதுக்கு மாமா இதெல்லாம்?”

“புது வண்டி லா மாப்பிள. பூச போடாம எடுக்கலாமா?”

சுறாவின் நெற்றியில் சந்தனம் ஏறியது. சூடம் காட்டினார். பிறகு சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, “ஏத்துங்க” என்றார். என் விமானத்தின் சக்கரம் சட்டைப் பொத்தான் அளவு. ஏற்றினேன். பழம் அசையவில்லை, விமானம்தான் பின்வாங்கியது. மறுபடி ஏற்றினேன். பழமே ஜெயித்தது.

மாமாவின் முகம் சுருங்கியது. “பழம் நசுங்காம வண்டிய எடுக்கவே கூடாதே.” யோசித்தார். பையிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்தார், நல்ல பெரிய பழம். நூலில் கோத்து வாலில் இறுக்கிக் கட்டினார். “கண்ணு பின்னாலதான் படும். இனி பயமில்ல.”

வாயைத் திறந்தேன். மாமா என் தோளில் கை வைத்தார். “நம்ம குடும்பத்துல ஏரோப்பிளேன் ஓட்டுற மொத ஆளு நீங்கதான் மாப்பிள.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கை தோளில் இருக்கும்போது எவனுக்கு விமானவியல் ஞாபகம் வரும்?

விசையைத் தள்ளினேன். விமானம் நாலடி ஓடியது, மூக்கை வானத்துக்குத் தூக்கியது, செங்குத்தாக மேலே போனது. மாமா கைதட்டினார். “பாத்தியாம்மா, ராக்கெட்டு லா!” எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. மேலே போன விமானம் ஒரு கணம் நின்றது. பிறகு வால் பக்கமாகச் சறுக்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, எங்களைப் பார்த்து வந்தது.

“என்னாங்க, நம்மகிட்டயே வருதுங்க!”

இடதுபக்கம் திருப்பினேன். அது எனக்கு வலதுபக்கம், மாமா நின்ற பக்கம், திரும்பியது. (நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு இடம் வலம் மாறிவிடும். வெள்ளை விமானம் வாங்கியவர்களுக்கு இதையும் சொல்லித் தருவார்களாம்.) மாமா ஓடினார். நான் மறுபடி இடதுபக்கமே திருப்பினேன். விமானம் அவரை விடாமல் துரத்தியது. “மாப்பிள, நான் என்னா தப்பு செஞ்சேன்?” என்று கத்தியபடி புல்லில் குப்புற விழுந்தார். அவர் முதுகை உரசாமல் தாண்டிப்போன சுறா, திடலோரத்து லோங்காங் சாக்கடையில் தலைகீழாகப் பாய்ந்தது.

சாக்கடைக்குள் இறங்கத் துணிந்தவர் மாமாதான். இறக்கை தனி, மூக்கு தனி, பல் தனி. வாலை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அதில் பழம் கீறல்கூட இல்லாமல் தொங்கியது.

“பாருங்க மாப்பிள,” பக்தியில் அவர் குரல் தழுதழுத்தது. “இந்தப் பழம் மட்டும் இல்லாட்டி இன்னைக்கு என் உயிரே போயிருக்கும்.”

நான் தலையாட்டினேன். கவிதா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பழத்தால் வால் கனத்த உண்மையை அவளிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னேன். தீபாவளிக்குள் அது தைப்பிங்கில் இருக்கும் சொந்தங்கள்வரை போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எதை வாங்கினாலும், சோற்றுச் சட்டியானாலும் சரி, “வாலு கனக்குதா பாத்தியா?” என்று கேட்காத ஆள் இல்லை. மாமா மட்டும் பழையபடி, சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன மாதம் மாமா புதுக் கார் எடுத்தார். வீட்டு வாசலில் பூசை, சொந்தக்காரர்கள் கூட்டம், மூத்த மாப்பிள்ளை சாவியோடு தயார். சக்கரத்தடியில் பழம் நசுங்கியது. மிச்சப் பழத்தை நூலில் கோத்த மாமா நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“மாப்பிள, இத எங்க கட்டலாம்? முன்னாலயா, பின்னாலயா?”

வாசலே சிரித்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். இத்தனை வருடத்தில் சாப்பாட்டைத் தவிர அவர் என்னிடம் பதில் வேண்டிக் கேட்ட முதல் கேள்வி அது.

“முன்னால கட்டுங்க மாமா,” என்றேன், நிபுணன் மாதிரி.

முன்னாலேயே கட்டினார்.