மைனா ஆசிரியரும் மொட்டை முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில், கரையான்கூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிற தாளில், 'புழுதி காமிக்ஸ்' என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதற்குக் கதாசிரியர், ஆசிரியர் எல்லாமே ஒரு மைனாதான். உயிரோடு இருந்தவரைக்கும் காடு அதை 'அது' என்றுதான் சொன்னது. செத்த மறுநாளே 'அவர்' ஆக்கிவிட்டது. நமக்கெதற்கு வம்பு, நாமும் அவர் என்றே சொல்வோம்.

அவர் வேலை செய்த அழகு இருக்கிறதே! மாசம் பிறந்தால் படம் வரையும் முள்ளம்பன்றி சடையாண்டியின் வளைக்குப் பறந்து வருவார். "முகமூடி ஓணான் மலையிலேருந்து குதிக்கிறான். மிச்சத்தை நீ பாத்துக்க" என்பார். போய்விடுவார். ஓணான் ஏன் குதித்தான், எங்கே விழுந்தான், யாரைக் காப்பாற்றினான் என்பதையெல்லாம் சடையாண்டிதான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசிக்கும். அறுபத்துநாலு பக்கம் வரைந்து, பேச்சுக் குமிழிகளை மட்டும் காலியாக விடும். மாசக் கடைசியில் மைனா வந்து அதில் வசனம் எழுதுவார். அட்டையில் 'கதை, வசனம், கற்பனை, ஆக்கம்: மைனா' என்று வரும். சடையாண்டி தன் முதுகு முள்ளையே பிடுங்கிப் பிடுங்கிப் பேனாவாக்கி வரைந்தது. முப்பது வருஷத்தில் முதுகு மொட்டையானதுதான் மிச்சம்.

மைனா செத்ததும் காட்டில் ஒரே ஒப்பாரி. ஒரு சிறப்பு மலர், ஒரு நினைவுக்கல் என்று முடிவானது. இரண்டிலும் முகமூடி ஓணானைப் படைத்தவர் பெயரைப் போட வேண்டும். அதற்கொரு மதிப்பீட்டுக் குழு அமைத்தார்கள். தலைவர் கரடி, உறுப்பினர் எருமை, எழுத்தர் உடும்பு. படிவத்தில் 'படைத்தவர்' என்று ஒரு கட்டம். அதன் கீழே 'ஒருவர் மட்டும்' என்று பொடி எழுத்து.

சடையாண்டி விடிந்ததும் வரிசையில் போய் நின்றது. முன்னால் இலவச மலர் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்த நூற்றுப்பத்து குரங்குகள். உச்சி வெயிலில்தான் முறை வந்தது.

"ஐயா, எனக்குக் காசு பணம் எதுவும் வேணாம். பேரு மட்டும் போடுங்க. எங்கப்பா வரைஞ்ச ஓணான்னு என் பிள்ளைங்க சொன்னா, பள்ளிக்கூடமே சிரிக்குது. பொய் சொல்றாங்கன்னு முட்டி போட வைக்கிறாங்க" என்றது.

"ஆதாரம்?" என்றது கரடி.

சடையாண்டி குமிழி காலியாக இருந்த பழைய பக்கங்களை விரித்தது. வசனமே இல்லாமல் குழு அதைப் புரட்டியது. நாற்பதாம் பக்கத்தில் ஓணானின் தாய் செத்தபோது கரடி மூக்கைச் சிந்தியது. எருமை ஒரு வாய் புல்லை மெல்லாமலே வைத்திருந்தது. அடுத்து, மைனா எழுதிய வசனத்தை மட்டும் தனியே படிக்கச் சொன்னார்கள். உடும்பு கணீரென்று படித்தது:

"ஆ! அம்மா! ஐயோ! டமால்! அடேய்! ஹா ஹா ஹா! தொடரும்."

"என்னய்யா இது, பல்லு பிடுங்குற எடத்துல ஒட்டுக்கேட்ட மாதிரி இருக்கு!" என்றது எருமை.

அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று. உடும்பு பேனாவைத் திறந்தது. கரடி கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை மைப்பெட்டியில் தொட்டது. சடையாண்டிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து எருமை பழைய இதழ் ஒன்றைத் தூக்கிக் காட்டியது.

"எதுக்கும் இதையும் ஒரு பார்வை பாத்துருவோம். வாசகர் கடிதம் பக்கம். என் கடிதம் வந்திருக்கு."

"எனக்கும் வந்திருக்கு! நாப்பத்தோராவது இதழ்!" என்று கரடி குதித்தது. குகைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும் சொன்னது. உடும்புக்கு இரண்டு கடிதம் வந்திருந்தது.

சடையாண்டி மெதுவாகக் கேட்டது. "தலைவரே, உங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அந்தக் கடிதம்?"

"அவரே எழுதினது. அதானேய்யா பெருந்தன்மை! எழுதத் தெரியாத எனக்கு ஒரு கடிதம் எழுதி, அடியில என் பேரைப் போட்டு, 'அன்புக் கரடியாரே, தங்கள் ரசனை வாழ்க'ன்னு பதிலும் போட்டாரே! என்னைப் பெத்தவங்ககூட 'கரடியாரே'ன்னு கூப்பிட்டதில்ல." கரடி விம்மியது.

"படிக்கவும் தெரியாதுல்ல? அப்ப முப்பது வருஷமா நீங்க ரசிச்சது என் படத்தை மட்டும்தானே, ஐயா?"

"ஆமா, இல்லேன்னு சொல்லல. ஆனா உன் படத்துல ஒண்ணுலயாவது என் மூஞ்சி வந்திருக்கா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் வரைகிறவர்களுக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கே வருகிறது!

"வந்திருக்குங்க" என்றது சடையாண்டி, ஆசையாக. "வில்லனோட அடியாள். மூக்கு அப்படியே உங்களுதுதான்."

கரடி கைநாட்டு வைத்தது. கட்டத்தில் மைனாவின் பெயர் ஏறியது.

பிறகு கொஞ்சம் மனமிரங்கி, "கல்லுல அவரோட திருமுகத்தை நீதான் வரையணும். உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றது.

"ஓரத்துல சின்னதா என் பேரு?"

"எடம் இல்ல. பேரு அச்சுல வரணும், அவ்வளவுதானே? மலருக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதிப் போடு. நல்லா இருந்தா போடறோம்."

சடையாண்டி எழுதியது. 'முப்பது வருஷம் வரைந்தவன் நான்' என்று ஆரம்பித்துப் பதினொரு பக்கம். இடப் பற்றாக்குறையால் உடும்பு அதைக் கொஞ்சம் சுருக்கியது. மலரில் இப்படி வந்தது: "மைனா ஐயாவின் கற்பனையே கற்பனை! என்னைப் போன்றவர்களுக்கு இப்படி வரைய வருமா? - சடையாண்டி, ஆற்றங்கரை வளை."

சடையாண்டி ஐந்து பிரதி வாங்கியது. வளைக்கு ஓட்டமாக ஓடிப் பிள்ளைகளை எழுப்பி, "பேரு வந்திருச்சு பாருங்கடா!" என்றது. பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் காட்டினார்கள். அதற்கப்புறம் யாரும் அவர்களை முட்டி போட வைக்கவில்லை.

நீதி: காலத்துக்கும் உன் பேர் நிற்க வேண்டுமென்றால் எதையும் படைத்துத் தொலைக்காதே, நாலு பேர் பெயரை அச்சில் போடு. படைக்காமல் இருக்க முடியாது என்றால், தலைவருடைய மூக்கையாவது கதாநாயகனுக்கு வை.