மேரிகளும் எத்தனை அண்ணனும்

தக்கலையிலிருந்து குலசேகரம் வரை எங்கள் 'எத்தனை அண்ணன்' கேள்வி கேட்காமல் விட்டது ரப்பர் மரங்களை மட்டும்தான். நாகர்கோவிலில் ஒரு ஓட்டு மாடியில் நடந்த எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியில், விவரங்களைச் சேர்த்துவைத்துத் தேடித்தரும் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. எதைப் பார்த்தாலும், "எத்தனைன்னு நெனச்ச மக்கா? எத்தனை வந்துது?" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் இதைக் கேட்கப் போய், பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு துரத்தினார்.

பட்டன் போன் காலம். நெய்யூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்துகொடுத்த புரோகிராம் ஒரு காலையில் படுத்துவிட்டது. கடலோரத்தில் அவர்களுக்கிருந்த இன்னொரு கிளினிக்கின் நோயாளி விவரங்களை முந்தின நாள்தான் அதில் ஏற்றியிருந்தோம். மருந்து கவுண்டரில் பேரை அடித்தால், பலருக்கு அன்றைய மருந்துச் சீட்டு திரைக்கு வரவே இல்லை. வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது.

"மத்தியானத்துக்குள்ள சரியாகல்லன்னா ஒங்க பெட்டியத் தூக்கிட்டுப் போங்க" என்றார் நிர்வாகி. எங்களுக்கு இருந்த ஒரே பெரிய இடம் அதுதான். அது போனால் கம்பெனிக்குப் பூட்டு.

புது சர்வர் வாங்கலாம் என்றேன். அண்ணன் காதிலேயே வாங்காமல் கவுண்டர் செல்வியிடம் போனார்.

"எந்தப் பேருக்கு இழுக்குது தங்கச்சி?"

"கோமதின்னா டக்குன்னு வருது. மேரின்னு அடிச்சா ஒரே சுத்தலா சுத்துது அண்ணா."

அண்ணன் துள்ளினார். எந்த வழியில் தேடுவதாக டேட்டாபேஸ் திட்டம் போட்டிருக்கிறது என்று திரையில் வரவழைத்தார்.

"மேரி எத்தனைன்னு நெனச்சிருக்கான் பாரு! மூணு! லேய், கடப்புறத்துல ஒரு தெருவுலயே முப்பது மேரி உண்டுல்லா!"

திட்டு கம்ப்யூட்டருக்கு. பழைய புள்ளிவிவரத்தை நம்பிய அந்தப் பாவி, மூன்று பேர்தானே என்று ஒவ்வொரு மேரியாகப் பிடித்து, 'இன்று வந்தாயா?' என்று விசாரித்துக்கொண்டிருந்தது. கடலோரத்து மேரிகள் மொத்தமாக வந்திறங்கியதை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

புள்ளிவிவரத்தைப் புதிதாக எடுக்கச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுத்தார். உடனே அது வழியை மாற்றிக்கொண்டு, இன்று வந்தவர்களுக்குள் மட்டும் மேரியைத் தேடியது. செல்வி விரலை எடுப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது!

"மேரி வந்துட்டு!" என்று அண்ணன் போட்ட கூச்சலில், வரிசையில் நின்ற மேரிகளெல்லாம் கவுண்டருக்குப் பாய்ந்தார்கள். நான் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். கம்பெனி பிழைத்தது.

சில வருஷம் கழித்து அவருக்கு துபாயில் வேலை கிடைத்தது. வழியனுப்ப வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டியோடு தனியாக நின்றார். நாங்கள் ஒரு வேன் நிறைய போய் இறங்கினோம். செல்வியும் அவள் பிள்ளையும் வந்தார்கள்; அந்த நிர்வாகிகூட இருந்தார்.

"எத்தனை பேரு வருவோம்னு நெனச்சிய அண்ணா?" என்றேன்.

"ஒருத்தரும் வரமாட்டியன்னுல்லா நெனச்சேன் மக்கா." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரை எங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று, யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை.