ஒரு நாற்காலிக்கு ரெண்டு ட்யூப்

உள்ள வாங்க, உள்ள வாங்க! வாசப்படியில தொங்காதீங்க. நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு, முன்னாடி தள்ளி உக்காருங்க. தையக்காரரே, காலை மடக்குங்க, பின்னாடி இருக்கிறவர் மூக்குல இடிக்குது. எல்லாரும் உக்காந்தாச்சா? பேச்சை நிறுத்துங்க. மேட்ச் பாக்க வந்தீங்க, கரெண்ட் போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது? வர்ற வரைக்கும் என் கதையைக் கேளுங்க. இதுக்கு டிக்கெட் கிடையாது.

இடம் பத்தலைன்னு யாரும் அந்த நாற்காலியை மட்டும் நகத்தப் பாக்காதீங்க. அது நகராது. மேல உக்காந்திருக்காரே என் மாமனார், அவரும் நகர மாட்டாரு. பாருங்க, செத்துப் போன டிவியையே எவ்வளவு கவனமா பாத்துக்கிட்டு இருக்காரு!

நான் கண்டக்டர். உங்களுக்கே தெரியும். காலைல பஸ்ல ஏறினா சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே போறவன். ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் சீட் பாத்துக் குடுக்குறேன். "ஏம்மா, பையை மடியில வெச்சுக்கிட்டா அந்தப் பொண்ணு உக்காரும்ல?" "தம்பி, தூங்குற மாதிரி நடிச்சது போதும், பெரியவருக்கு எந்திரி." எனக்கு ஒருத்தன் எந்திரிச்சிருப்பானா? என் முட்டி ரெண்டும் என்கூட பேசுறதையே விட்டுடுச்சு. இப்படி நின்னு நின்னு வர்றவனுக்கு இந்த உலகத்துல இருந்ததே ஒரே ஒரு சீட்டு. ஃபேனுக்கு நேர் கீழ, டிவிக்கு நேர் எதிர்ல, கை வெச்ச மர நாற்காலி. அதுல சாஞ்சு காலை நீட்டினாத்தான் நான் மனுஷன்.

அதுல வந்து இவரு உக்காந்தாரு.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்"னாரு. அதோட சரி. அப்புறம் இந்த வீட்டுல அவரு குரலை யாரும் கேக்கல, அந்த நாற்காலியை யாரும் காலியா பாக்கல. சண்டை போடலாம்னா எதிராளி பேசணுமே? "சாப்பிட்டீங்களா மாமா?" தலை இப்படி. "ஊருக்கு எப்ப மாமா?" தலை டிவி பக்கம்.

சரி, என் பொண்டாட்டிகிட்டயாவது கேப்போம்னு போனேன்.

"ஏம்மா, உங்கப்பா எப்ப கிளம்புறாரு?"

"உங்களுக்கு என்ன இடைஞ்சல்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுறாரா?"

"பேச வேணாம்டி. எந்திரிக்கட்டும்."

"எங்கப்பா உக்காந்திருந்தா உங்களுக்குப் பொறுக்காதே!"

"நல்லா உக்காரட்டும். வேற எதுலயாவது உக்காரட்டும்."

"அவருக்கு முட்டி வலிங்க."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் பழகிடுச்சே."

பழகிடுச்சாம்! நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க, இது நியாயமா? சிரிக்காதீங்க தையக்காரரே, உங்களைக் கேக்கல.

அன்னைக்கு ஒரு முடிவு எடுத்தேன். சீட்டை மீட்டே தீருவேன். மறுநாள் காலைல மாமா குளிக்கப் போனாரு. நான் தரையில படுத்து, நாற்காலியோட பின்கால் ஒண்ணுல இருந்த ரெண்டு ஸ்க்ரூவையும் கழட்டினேன். ஆமா, அவரு முன்னாடியேதான் சொல்றேன், இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது? கழட்டினதை வீட்டுச் சட்டை பாக்கெட்ல போட்டேன். சட்டையை ஆணியில மாட்டினேன். யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு டூட்டிக்கு ஓடிட்டேன்.

திட்டம் என்னன்னா, கால் ஆடும். விழாது, ஆடும். நான் பதறுவேன். "ஐயோ ஆபத்து"ன்னு பசை போடுவேன். "இறுக ஒரு வாரம் ஆகும், யாரும் உக்காரக் கூடாது"ன்னு நாற்காலியை உள் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். மாமா ஸ்டூல்ல உக்காருவாரு. ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. ரெண்டாவது நாளே மச்சான் வீட்டு சோபா ஞாபகம் வரும். எப்படி? பஸ்ஸுக்கு ரூட் போடுறவனுக்குக்கூட இந்த மூளை வராது.

சாயங்காலம் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்டுச்சு. கிர்ரிக். கிர்ரிக். ஆஹா, என் காதுக்கு நாதஸ்வரம்!

"என்னங்க, அப்பா நாற்காலி ஆடுதுங்க."

கேட்டீங்களா? அப்பா நாற்காலி! பேரே மாறிப் போச்சு. நான் குனிஞ்சு பாத்தேன். நாடி பாக்குற மாதிரி காலைப் பிடிச்சேன். உதட்டைப் பிதுக்கினேன்.

"ஸ்க்ரூ கழண்டிருக்கும்ங்க. ஸ்க்ரூ போட்டு முடுக்கினா சரியாயிடாது?"

"ஸ்க்ரூவா? இது ஸ்க்ரூவுக்கு அடங்குற வியாதி இல்லம்மா. உள்ள இத்துப் போச்சு. ரெண்டு ட்யூப்ல வரும் பாரு, கலந்து ஒட்டுற பசை, அதான் போடணும்."

என்னைக் கொஞ்ச நேரம் பாத்தா. "அப்படியா? சரி, ஒட்டுங்க"ன்னா.

பதினஞ்சு வருஷமா ஒரு தடவைகூட முதல் பேச்சுக்கே சரின்னு சொல்லாதவ சொல்றாளே, அப்பவே நான் உஷாராகியிருக்கணும். ஆகல.

தெருமுனை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அந்த ஆளு எப்பவும் வாயில ஆணி வெச்சிருக்கிற மாதிரியே பேசுவான். "மெதுவா இறுகுறதா அண்ணே, சட்டுனு இறுகுறதா?" கடையில நாலு பேரு நிக்கிறாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "என்னைப் பாத்தா மெதுவான ஆளு மாதிரியா இருக்கு? சட்டுனு குடுய்யா!"

அந்த ஒரு வார்த்தை. என் வாழ்க்கை அந்தக் கடையிலயே முடிஞ்சு போச்சு. எனக்குத்தான் தெரியல.

வீட்டுக்கு வந்தேன். மாமா எந்திரிச்சு ஓரமா நின்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு, அவரு எனக்காக எந்திரிச்சதே அதுதான் முதல் தடவை. ஆசையா தூக்கினேன்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"உள் ரூமுக்கு. பசை இறுக ஒரு வாரம் ஆகும். யாரும் உக்காரக் கூடாது, தொடக் கூடாது, பக்கத்துல நின்னு தும்மக் கூடாது."

அவ பசை பாக்கெட்டை வாங்கினா. திருப்பினா. கண்ணைச் சுருக்கினா.

"அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கே?"

"எங்க?"

"இங்க. கொட்டை எழுத்துல. கடிகாரப் படம் வேற போட்டிருக்கான்."

"அது... சின்ன நாற்காலிக்கு."

"அப்ப பெரிய நாற்காலிக்குப் பத்து நிமிஷம்னு வெச்சுக்குவோம். இங்கயே ஒட்டுங்க. அடியில பேப்பர் விரிச்சுக்கோங்க."

"எனக்குச் சொல்லித் தராதடி. எல்லாம் தெரியும்."

பேப்பர் விரிக்கல. விரிச்சிருந்தா இன்னைக்கு இந்தக் கதையே இல்ல.

ரெண்டு ட்யூப்பையும் திறந்தேன். "பட்டாணி அளவு போதும்னு போட்டிருக்குங்க"ன்னா. பொம்பளை சொல்லி நான் அளவு பாக்குறதா? ரெண்டையும் வால்ல இருந்து வழிச்சு ஒரு டப்பா மூடியில பிதுக்கினேன். தனித்தனியா இருக்கிற வரைக்கும் ரெண்டும் பரம சாது. சேத்து வெச்சுக் கலக்கினேன் பாருங்க, சூடு! டீ கிளாஸ் மாதிரி கையைச் சுடுது! கல்யாணம் ஆனவங்களுக்கு இதுக்கு மேல நான் விளக்க வேணாம். மூடியிலயே இறுக ஆரம்பிச்சிடுச்சு. பதறிப் போய் மொத்தத்தையும் அப்படியே கால் இடுக்குல கவுத்தேன். அது கால் வழியா ஜம்முனு இறங்கி, தரைக்கே வந்துடுச்சு.

நான் குப்புறப் படுத்து, காலைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். மேல இருந்து இவ இன்னும் பாக்கெட்டைப் படிச்சுக்கிட்டு இருக்கா.

"'இறுகும் வரை மேலே பாரம் வைக்கவும்.' நம்ம வீட்டுல பாரத்துக்கு எங்க போறது?"

"நான் வேணா ஏறி உக்காரவா?"ன்னேன் கீழ இருந்து. அந்த நிலைமையிலயும் மூளை வேலை செஞ்சுது பாருங்க!

"நீங்க காலைப் பிடிக்கணுமே. அப்பா, வாங்க, உக்காருங்க."

உக்காந்தாரு. என் தலைக்கு மேல உக்காந்தாரு.

"ஃபேன் காத்து வருதாப்பா? டிவி நேரா தெரியுதா? என்னங்க, லேசா இடது பக்கம் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். போதும், போதும்."

நான்தான் தள்ளினேன். என் சொந்தத் தோளைக் குடுத்து, அந்த மனுஷனை அவருக்குப் பிடிச்ச இடத்துல, நானே நேரா நிறுத்தினேன். அப்படியே அசையாம கிடந்தேன். மேல டிவியில யாரோ சிரிக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மாமா குதிகால்.

அஞ்சு நிமிஷம் ஆச்சு. எந்திரிக்கலாம்னு பாத்தா, கை வரல. யூனிஃபார்ம் சட்டை, கை மடிப்போட காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. "மாமா, கொஞ்சம் எந்திரிங்க"ன்னேன். எந்திரிச்சாரு. நாற்காலியை இழுத்தேன். வரல. ரெண்டு கையாலயும் இழுத்தேன். தரையில கல்லு பேந்தாலும் பேரும், நாற்காலி வராதுன்னு ஆகிப் போச்சு. இவ கத்திரிக்கோலோட வந்தா.

"யூனிஃபார்ம்டி! வெட்டாத!"

"கையை வெட்டவா, சட்டையை வெட்டவா?"

வெட்டினா. அந்தப் பின்காலைப் பாருங்க, இடுக்குக்குக் கீழ காக்கித் துணி தெரியுதா? அது என் கை மடிப்பு. டிப்போவுல செக்கர் கேட்டாரு, "என்னய்யா, ஒரு கை முழுக்கை, ஒரு கை அரைக்கை?" நம்ம தையக்காரர் வேற கலர் துணியில ஒட்டுப் போட்டுக் குடுத்தாரு. இப்ப பஸ்ஸுல குழந்தைங்க என்னைப் பாத்தா அழுகையை நிறுத்துதுங்க.

அதுகூடப் பரவால்ல. நான் மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன், தரையிலதான். இவ சமையல் ரூம்ல இருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சா. உள்ள ரெண்டு ஸ்க்ரூ.

"உங்க வீட்டுச் சட்டை பாக்கெட்ல இருந்துச்சு. காலைல துவைக்க எடுக்கும்போது பாத்தேன்."

"காலைலயேவா? அடிப்பாவி! அப்ப ஏன்டி என்னைப் பசை போட விட்ட? இதையே முடுக்கியிருக்கலாமே!"

"முடுக்கினா நாளைக்குக் காலைல மறுபடி கழட்டுவீங்க. பசையைக் கழட்ட முடியாதே!"

அவ்வளவுதாங்க. அன்னைல இருந்து இந்த வீட்டுலயும் நான் ஸ்டாண்டிங்தான். அதோ, அந்தக் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் டிவி பாக்குறேன். பழக்க தோஷம், விளம்பரம் வந்தா வாய் தானா "டிக்கெட், டிக்கெட்"னு சொல்லுது. ஸ்டூல் இருக்கே, உக்காரலாமேன்னு கேப்பீங்க. ஸ்டூலுக்குத்தான் முதுகு கிடையாதே!

என்னங்க, எல்லாரும் அவரையே பாக்குறீங்க? பாருங்க, நல்லா பாருங்க. எத்தனை ஆயிரம் பேரை இறக்கி விட்டிருப்பேன் இந்த வாயால! குடிச்சிட்டுப் படுத்தவன், கோழிக்கூடையோட வந்தவன், எல்லாம் என் ஒரு சத்தத்துக்கு இறங்கினவங்க. இவரு ஒருத்தரை இறக்க முடியலையே! இன்னைக்கு நீங்க எல்லாரும் சாட்சி, கடைசியா ஒரு தடவை சொல்லிப் பாக்குறேன். கடைசி ஸ்டாப் வந்தாச்சு! எல்லாரும் இறங்குங்க! ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிற பெரியவரே, உங்களைத்தான், இறங்குங்க!

அடேங்கப்பா, திரும்புறாரு! ஏய், இங்க ஓடி வா, உங்கப்பா வாயைத் திறக்குறாரு! எல்லாரும் சும்மா இருங்க! என்ன மாமா? என்ன சொல்லப் போறீங்க? எதுக்கு நாற்காலியை அப்படி ஆட்டி ஆட்டிப் பாக்குறீங்க?

"அசையவே இல்லையே மாப்ள. வண்டியே இன்னும் கிளம்பல, அதுக்குள்ள இறங்கச் சொல்றீங்க?"