கல்கத்தாவைத் தெவிட்ட வைத்த வெயில்

மண்ணாங்கட்டிக்குக் கல்கத்தா போக இஷ்டமில்லை. ஊரார் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்துச் சலித்தவன் அவன். ரயிலேறிப் போய் இன்னொருத்தன் சுவரை வேடிக்கை பார்க்க என்ன தலையெழுத்து?

பெண்டாட்டி பாஞ்சாலி பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். யாரோ செல்போனில் காட்டிய படத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. அங்கே பெரிய ஆறு ஓடுகிறதாம். அந்தக் காலத்தில் கப்பல் வந்து நின்ற துறையாம். கரையோரமெல்லாம் தூண் வைத்த பழைய மாளிகைகளாம். வருகிறாயா என்று மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை அவனுக்கு இடுப்பு வலித்தது. அடுத்த தடவை ரயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றான். மூன்றாவது தடவை சாக்கு எதுவும் அகப்படாமல், தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டான்.

பாஞ்சாலியை நேருக்கு நேர் மறுக்கிற அளவுக்கு அவன் விவரம் கெட்டவனில்லை. பழைய கட்டடம் என்றாலே அவளுக்குத் தெவிட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் சாந்தோமிலிருந்து, பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பீச் ரோடு நெடுக அவளை நடக்கவைத்தான்.

கை சும்மா இருந்தால்தானே. ஒரு சிவப்புக் கட்டடத்தின் மதிலைத் தொட்டான். இந்தக் காரை எப்படிக் குழைத்திருப்பான், அந்த உச்சிக்கு எப்படிச் சாரம் கட்டியிருப்பான் என்று அவனே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். பாஞ்சாலி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். வலையில் விழுந்துவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம்.

"இன்னா, போதுமா?"

"நம்ம வூடும் ஆத்தோரந்தான்யா இருந்திச்சி," என்றாள் அவள். "இடிச்சிட்டு, நம்மள ஊருக்கு வெளிய தூக்கிப் போட்டாங்க. ஆத்தோரம் கட்டுனத இடிக்காம வச்சிக்கினு கீற ஊரு எப்டி இருக்கும்னு ஒருவாட்டி கண்ணால பாக்கணும்."

பொங்கலுக்குப் பொங்கல் அந்த வீட்டுக்கு நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தவன் மண்ணாங்கட்டிதான். இடித்துப் போட்ட செங்கல்லிலும் அந்த நீலம் தெரிந்தது. இவளிடம் போய் இப்படியொரு சூழ்ச்சி செய்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"இடுப்புவலி கெடக்குது வுடு. ரெண்டு பேரும் போலாம். நாளைக்கே டிக்கெட் போடறேன்."

பாஞ்சாலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் போட்டாச்சி. மார்க்கெட்டு பொம்பளைங்க ஆறு பேரு போறோம். வெள்ளிக்கெழம ரயிலு."

"அப்ப என்னிய எதுக்கு மூணுவாட்டி கூப்ட்ட?"

"கூப்புடாம போனா நீ சண்டைக்கு வருவ. இப்ப நீதான வரலன்ன?" அவள் எழுந்து புடவையைத் தட்டினாள். அங்கேயும் நிறைய நடக்க வேண்டியிருக்குமாம்; இன்றைக்குக் கால் நன்றாகப் பழகிவிட்டதாம். அதற்கு அவனைப் பாராட்டினாள்.

பஸ் ஸ்டாப்பை நோக்கி நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நா வர்ற வரிக்கும் கடைய நீ பாத்துக்க. பெயின்ட்டு கையோட வஞ்சரத்தத் தொடாத."