தோசைக்கல்லில் காது மெஷின்

அஞ்சறைப் பெட்டியிலிருந்த கடுகு முழுவதையும் தட்டில் கொட்டி, ராஜ்மோகன் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். தேடியது, மாமனாரின் காது மெஷினுக்குள்ளிருந்து கழன்று அதில் விழுந்த ஒரு துணுக்கை. அது கடுகில் பாதிகூட இருக்காது.

"மெஷின் காதப் பொளக்குது மாப்ள" என்று காலையில் மாமனார் திருஞானசம்பந்தம் சொன்னார். கடைக்கு எடுத்துப் போகாமல் ராஜ்மோகன் தானே திறந்துவிட்டான்.

"சாயங்காலம் அம்பகரத்தூர்லேருந்து இனியாவப் பொண்ணு பாக்க வர்றாங்க" என்றாள் மனைவி தேவிகா. "தங்கச்சி கல்யாணப் பேச்சு. அப்பாவுக்குக் காது கேக்கலன்னா எப்புடிங்க?"

"அதுக்குள்ள ஒட்டிடுவேன்."

டீ வடிகட்டியில் சலித்தான். துணுக்கு கீழே விழுந்தது. தேவிகா புருவம் திருத்தும் இடுக்கியால் அதை எடுத்தான். கடுகுத் தூசியில் தும்மினான். துணுக்கு பக்கத்திலிருந்த ரசத்துக்குள் போனது.

ரசத்தை வடிகட்டினான். துணுக்கைக் கழுவித் துடைத்து, சூட்டில் உருகி ஒட்டும் ஈயப் பசை தடவி, மெஷினின் சர்க்யூட் பலகையில் உட்கார வைத்தான். பலகையைத் தோசைக்கல்லில் வைத்து அடுப்பைப் பற்றவைத்தான்.

பசை உருகி வெள்ளியாய் மின்னியது.

"ஒட்டிக்கிச்சு பாரு" என்றான்.

"பக்கத்துல ஏதோ கருப்பா உருகுதே?"

உருகியது மெஷினின் குட்டி ஒலிபெருக்கி. கழற்றி வைக்க மறந்திருந்தான். இடுக்கியால் இழுத்தான். அது ஜவ்வு மிட்டாய் போல நீண்டு, தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டது.

"போச்சா?" என்று கிசுகிசுத்தாள் தேவிகா.

"போச்சு. இனி பொண்ணு பாக்க வர்றவங்க எது கேட்டாலும் மாமா தலையாட்டுவாரு. வீட்டையே எழுதி வைக்கிறியான்னு கேட்டாலும் ஆட்டுவாரு."

"மொதல்ல அவருகிட்ட யாரு சொல்றது?"

"நீ சொல்லு. உங்க அப்பாதானே."

"உருக்குனது நீங்க."

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. மாமனார் நின்றிருந்தார். "இனியா விசயத்த நான் பேசிக்கிறேன்."

ராஜ்மோகன் அடுப்பை அணைத்தான். அவனுக்கு ஒன்று புரியவில்லை.

"மாமா, நாங்க மெதுவாத்தானே பேசுனோம். கேட்டுச்சா?"

மாமனார் தோசைக்கல்லை ஒருமுறை பார்த்து, நிம்மதியாக மூச்சு விட்டார்.

"காதுல வெறும் அழுக்குதான் அடைச்சிருந்துச்சு மாப்ள, டாக்டரு போன மாசமே எடுத்துட்டாரு, நீங்க ஆசயா வாங்கிக் குடுத்தீங்களேன்னுதான் அந்தக் கருமத்த இன்னமும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."