சாத்திரியார் பார்த்த கொம்பியூட்டர்

உலகத்தில் கொம்பியூட்டருக்குச் சாதகம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் சாத்திரியார்தான். அரியாலையில் நான் படங்களுக்குச் சட்டம் அடிக்கும் ஸ்ரூடியோவில், கொம்பியூட்டர் பழுதானால் அவர்தான் திருத்துவார். அதாவது, திருத்துவதாக அவர் நம்பினார்.

மவுஸ் அசையாவிட்டால் சனி. பிரிண்டர் மை கக்கினால் செவ்வாய். ராகு காலத்தில் ஓர் ஆணிகூடக் கழற்றமாட்டார். வைரசுக்கு மட்டும் கிரகம் இல்லை. அது முதலாளியின் பாவமாம்.

ஒருநாள் அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. சுவிச்சைப் போட்டதும் பென்டிரைவிலுள்ள பிள்ளையார் பாட்டு முழுவதும் படித்து முடிய வேண்டும். அதன் பிறகே திரை திறக்க வேண்டும். அப்படியே செய்தும் வைத்தார். முதலாளி அந்த நேரத்தில் தேநீர் குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குருநகரிலிருந்து ஒரு மீனவர் வந்தார். தாய் இறந்துவிட்டா. முன்பு நாங்கள் எடுத்த அவவின் ஒரேயொரு நல்ல படம் கொம்பியூட்டருக்குள் இருந்தது. பின்னேரம் சவப்பெட்டி மாதா கோயிலுக்குப் போகுமுன் படம் வேண்டும்.

கொம்பியூட்டர் எழும்பவில்லை. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாத்திரியாரை அழைத்தோம். வந்தவர் திரையைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ராகு காலம். பன்ரண்டு மணிக்குப் பிறகு தொடுறன்."

"ஐயா, அம்மா பெட்டிக்குள்ளை கிடக்கிறா," என்றார் மீனவர். "உந்த ராகுவைக் கொஞ்சம் நிண்டு வரச் சொல்லுங்கோ."

சாத்திரியார் மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டினார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ராகு காலத்தில் அவர் கை வைத்ததை அன்றுதான் கண்டேன். கொம்பியூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். வட்டம். வயர்களைக் கழற்றிப் பூட்டினார். அதே வட்டம். வியர்த்து ஒழுக, கடைசியில் கொம்பியூட்டருக்குத் திருநீறு பூசலாமென்று சட்டைப்பைக்குள் கை விட்டார்.

திருநீற்றுப் பொட்டலத்தோடு பென்டிரைவும் வந்தது. முதல்நாள் வேறொரு கடைக்குப் பாட்டு ஏற்ற அவரே கழற்றிக்கொண்டு போனது! பிள்ளையார் வரும்வரை கொம்பியூட்டர் பக்தியோடு காத்து நின்றிருக்கிறது.

"பாத்தியளே! திருநீறு எடுத்தவுடனை பிழை பிடிபட்டிட்டுது!"

முதலாளி பென்டிரைவை வாங்கிச் செருகினார்.

பாட்டு முழுவதையும் மீனவர் கைகட்டி நின்று கேட்டார். திரை திறந்தது. படம் வந்தது. நான் சட்டம் அடித்துக் கொடுத்தேன். சாத்திரியார் அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வீடுவரை கொண்டுபோய் விட்டார். மாலையில் திரும்பி வந்து, கொம்பியூட்டரில் ஏதோ தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சுவிச்சைப் போட்டோம். பிள்ளையார் பாட்டு முடிந்தது. திரை திறக்கவில்லை. மாதா பாட்டொன்று தொடங்கியது.

சாத்திரியார் இப்போது மட்டக்களப்பில் மகளோடு இருக்கிறார். கொம்பியூட்டர் எழும்புவதற்குள் முதலாளியின் தேநீர் முடிந்துவிடுகிறது. அவர் இன்னொன்று ஊற்றச் சொல்கிறாரே தவிர, பாட்டை நிறுத்தச் சொன்னதில்லை.