பூங்காவில் நடந்த விவாகரத்து

எங்கள் அலெக்சாந்திரியாவில் சமாதானக்காரர் என்றொரு இனம் உண்டு. தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், தின்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு, செருப்பு ஒன்று பின்தங்கினாலும் கவலைப்படாமல் நடுவில் போய் நின்று, "நபி மேல ஸலவாத் சொல்லுங்கப்பா" என்று கோபத்தைத் தணிக்க ஆரம்பித்துவிடுவார். யாரும் கூப்பிட வேண்டாம். சண்டை எதற்கென்றும் தெரிய வேண்டாம்.

என் தங்கை கணவரின் பெரியப்பா மகன் பஹ்ஜத் அப்படிப்பட்டவர். போன வெள்ளிக்கிழமை ஷல்லாலாத் பூங்காவுக்குப் போனார். அங்கே ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்க்கிறது. எழுதிய வசனம் கிடையாது, வாயில் வந்ததுதான். யார் என்ன சொன்னாலும் மறுக்காமல் ஏற்று, மேலே ஒன்று சேர்க்க வேண்டும். அது அவர்கள் சட்டம்.

தையல்காரர் ஷுக்ரியின் மகள் இன்ஷிராஹும் அதில் இருக்கிறாள். நாடகத்தால் வீட்டுக்கு வீண்பேச்சு வந்தால் அன்றோடு நிறுத்தம் என்றுதான் தகப்பன் அனுப்பியிருந்தார். அன்றைய ஒத்திகையில் அவளும் வக்தி என்ற பையனும் புருஷன் பெண்டாட்டி. முலூகியா கீரைக் குழம்பில் பூண்டு போதவில்லை என்று அவன் சொல்ல, பேச்சு விவாகரத்து வரை வந்துவிட்டது.

பஹ்ஜத் விடுவாரா? நிஜச் சண்டை என்று நினைத்து நடுவில் புகுந்தார். சட்டப்படி அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இவன் உன்னை அடித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மறுக்கக் கூடாதே. வக்தி ஒரு படி மேலே போய், செருப்பால் என்றான்.

ஊரில் எல்லார் வீட்டு எண்ணும் பஹ்ஜத்திடம் உண்டு. ஷுக்ரியைக் கைப்பேசியில் பிடித்தார். "உன் மாப்பிள்ளை சரியில்லப்பா. உடனே பூங்காவுக்கு வா."

மகளுக்குக் கல்யாணமானதே தெரியாத தகப்பன் எப்படி வருவார்? அளவு நாடா கழுத்தில் தொங்க, ஓடி வந்தார். இன்ஷிராஹுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நடிப்புப்பா. சத்தியமா நடிப்பு."

"புருஷனைக் காப்பாத்த எல்லாப் பொண்ணும் இப்படித்தான் சொல்லும்" என்றார் பஹ்ஜத்.

ஷுக்ரி மகளைப் பார்த்தார். பாதி அவள் பக்கமும் பாதி பையன் பக்கமுமாகப் பிரிந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வக்தி பக்கம் திரும்பினார்.

"நடிப்பாவே இருக்கட்டும் தம்பி. எங்க வீட்டு முலூகியாவில பூண்டு கம்மியா?"

அங்கேயே உட்கார்ந்தவர் அந்தி மக்ரிப் பாங்கு வரை எழவில்லை. எழுந்தபோது மகளிடம், "அடுத்த வெள்ளியும் வரணும்மா. பையனோட அம்மா தரப்பை இன்னும் கேக்கவே இல்லை" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்தப் பூண்டு விஷயத்தில் தப்பு யார் மேல் என்று இந்நேரம் நீங்களும் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்களே. உங்களை யார் கேட்டது?